கடன் கைமாறாது, வீடுதான் கைமாறும்: வெளிநாட்டுக் குடிமகன் பேருக்கு வீட்டுக் கடனை மாற்ற முடியுமா?

மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் இன்னும் 35 லட்சம் ரூபாய் பாக்கி. வேலை போய்விட்டது, அல்லது ஊரை விட்டே கிளம்ப வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருக்கும் நண்பரோ, கலிஃபோர்னியாவில் குடியேறிய தங்கையோ, யாழ்ப்பாணத்துச் சம்பந்தியோ, "லோனை என் பேருக்கு மாத்திக் கொடுத்துடு, மிச்சத்தை நான் கட்டிக்கிறேன்" என்கிறார். இரண்டு பேருக்கும் சம்மதம். வங்கிக்குப் பணம் வந்தால் போதும். அப்புறம் என்ன தடை?

தடை நிறைய. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் ஓடுவது வங்கிக் கிளைக்கு. ஆனால் இந்த வரிசையில் வங்கி வருவது கடைசியில். அதற்கு முன்னால் அந்நியச் செலாவணிச் சட்டம் இருக்கிறது, பதிவுத்துறை இருக்கிறது, வருமான வரி இருக்கிறது. முதல் வாசலிலேயே ஆள் நின்றுவிட்டால் வங்கி மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை.

## வீட்டுக் கடனுக்குள் இருக்கும் இரண்டு விஷயங்கள்

பேச்சு வழக்கில் 'வீட்டு லோன்' என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்கிறோம். சட்டத்தில் அது இரண்டு தனித்தனி விஷயங்கள்.

1. கடன். வங்கியிடம் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தருவதாக ஒருவர் கொடுத்த வாக்கு. அவருடைய சம்பளம், வயது, சிபில் மதிப்பெண் எல்லாவற்றையும் பார்த்து வங்கி அவருக்கென்று கொடுத்தது.

2. அடமானம். கடன் திரும்பாவிட்டால் விற்று எடுத்துக்கொள்ள வீட்டின் மேல் வங்கிக்கு இருக்கும் உரிமை. சென்னையில் இது பெரும்பாலும் மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து, அதற்கு ஒரு குறிப்பாணையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் வகை. வங்கிக்காரர்கள் எம்.ஓ.டி. என்பது இதைத்தான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆவது பிரிவில், பத்திரத்தை ஒப்படைத்தே அடமானம் வைக்கும் இந்த முறையை மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய் என்று ஊர்ப் பெயர் சொல்லியே அனுமதித்திருக்கிறது. மற்ற ஊர்களை மாநில அரசு அறிவிக்க வேண்டும். ஆக, நம் ஊருக்கு இது பழைய பழக்கம்.

வீட்டை விற்கலாம், எழுதி வைக்கலாம், வாரிசுக்குப் போகலாம். கடன் அப்படிப் போகாது. ஒருவர் கொடுத்த வாக்கை இன்னொருவர் தலையில் வைக்க வேண்டுமானால் கடன் கொடுத்தவர், வாங்கியவர், புதிதாக வருபவர் மூவரும் சேர்ந்து பழைய ஒப்பந்தத்தை அழித்துப் புதியதை எழுத வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 62ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. நடைமுறையில் வங்கிகள் அந்த வழிக்குப் போவது அரிது. பழைய கடனை முழுசாக அடைத்துவிட்டு, புதியவருக்கு அவர் தகுதியைப் பார்த்துப் புதுக் கடன் கொடுப்பதுதான் வழக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடன் 'மாறிய' மாதிரி தெரியும். உள்ளே நடப்பது ஒரு வீடு விற்பனை, ஒரு கடன் அடைப்பு, ஒரு புதுக் கடன்.

விளம்பரங்களில் வரும் 'பேலன்ஸ் டிரான்ஸ்பர்' வேறு சங்கதி. கடன்காரர் அதே ஆள்தான். வட்டி குறைவான வேறு வங்கிக்குக் கடனை நகர்த்துகிறார், அவ்வளவுதான். அதை நம்பி "டிரான்ஸ்பர் வசதி இருக்கிறதாமே" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஆளை மாற்ற அது உதவாது.

ஆக, கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். இவர் என் கடனை எடுத்துக்கொள்ளலாமா என்பதற்கு முன்னால், இவர் பேரில் சென்னையில் ஒரு வீடு இருக்கலாமா?

## 'வெளிநாட்டுக்காரர்' என்றால் எந்த வகை?

இதைத் தீர்மானிப்பது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதாவது ஃபெமாவும், அதன் கீழ் 2019இல் வந்த கடன்சாராக் கருவிகள் விதிகளும். இந்தச் சட்டம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. கையில் என்ன பாஸ்போர்ட்? எங்கே வசிக்கிறார்? நம் வீடுகளில் "ஃபாரின்ல இருக்கான்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் ஆட்கள் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஐந்து வகை.

1. என்.ஆர்.ஐ. இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வசிப்பவர். துபாயில் இருபது வருடம் வேலை பார்த்தாலும் இவர் இந்தியக் குடிமகன்தான். வீடு, ஃபிளாட், மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் மட்டும் விலைக்கு வாங்க முடியாது.

2. ஓ.சி.ஐ., அதாவது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுக் குடிமகன். அமெரிக்க, சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் உள்ள நம்மவர்கள் பலர் இந்த வகை. இது குடியுரிமை ஆகாது. பெயரில் 'சிட்டிசன்' என்று இருப்பதால் குழப்பம். ஆனால் வீடு வாங்கும் விஷயத்தில் என்.ஆர்.ஐ.க்கு உள்ள உரிமை அப்படியே இவருக்கும் உண்டு.

3. இந்தியாவில் வசிக்கும் வெளிநாட்டுக்காரர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கொரியர், ஜப்பானியர் போன்றவர்கள். முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கே இருந்து, வேலைக்காகவோ தொழிலுக்காகவோ வந்தவராக இருந்தால் ஃபெமாவின்படி இவர் 'இந்தியாவில் வசிப்பவர்'. ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமலே வீடு வாங்கலாம். சுற்றுலா விசாவில் வந்து நாள் கணக்கை மட்டும் நிரப்பினால் செல்லாது.

4. வெளிநாட்டில் வசிக்கும், ஓ.சி.ஐ. இல்லாத வெளிநாட்டுக் குடிமகன். இவருக்கு இங்கே வீடு வாங்க வழியில்லை. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். ஒரு விலக்கு உண்டு: என்.ஆர்.ஐ. அல்லது ஓ.சி.ஐ. ஒருவரின் கணவனோ மனைவியோ ஆனவர், திருமணம் பதிவாகி இரண்டு வருடமாவது தொடர்ந்திருந்தால், துணையோடு கூட்டாக ஒரு சொத்து வாங்கலாம்.

5. பதினொரு நாட்டுக் குடிமக்கள். பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை, ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூடான், ஹாங்காங், மக்காவ், வட கொரியா. இவர்கள் எங்கே வசித்தாலும், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்கவோ மாற்றவோ கூடாது. ஐந்து வருடக் குத்தகை மட்டும் திறந்திருக்கிறது. கையில் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இந்தத் தடை பொருந்தாது.

ஐந்தாவது வகையைத் தமிழ் வாசகர் இரண்டு முறை படிக்க வேண்டும். வளசரவாக்கத்தில் வருடக்கணக்காக வாடகைக்கு இருக்கும் இலங்கைக் குடும்பம், பிள்ளைகள் இங்கேயே படித்தவர்கள், பேச்சும் பாதி மெட்ராஸ் ஆகிவிட்டது. பாஸ்போர்ட் இலங்கையுடையது என்றால் அவர்கள் பேரில் இந்த ஃபிளாட்டை எழுதிக் கொடுக்க நேரடி வழி கிடையாது. மூன்றாவது வகையில் சொன்ன 182 நாள் விதி இவர்களுக்கு உதவாது. அதே குடும்பத்தின் அண்ணன் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், பதினொரு நாட்டுத் தடை அவருக்கு இல்லை. ஆனால் ஓ.சி.ஐ. இல்லாமல் டொரொண்டோவில் வசிக்கும்வரை அவர் நான்காவது வகை. வாங்க முடியாது என்ற முடிவு மாறாது.

மலையகத் தமிழர், மலேசியத் தமிழர் நிலை வேறு. ஓ.சி.ஐ. பெற, பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி வரை யாராவது ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தார், அல்லது 26.1.1950 அன்று அதற்குத் தகுதி பெற்றிருந்தார் என்று காட்டினால் போதும். இந்தியக் குடிமகனையோ ஓ.சி.ஐ. உள்ளவரையோ மணந்து, பதிவு செய்து, இரண்டு வருடம் ஆனவர்களும் விண்ணப்பிக்கலாம். பினாங்கில் பிறந்த பங்காளி 'மாற்றிக் கொடு' என்று கேட்டால், வங்கிக்கு முன்னால் கொள்ளுத் தாத்தாவின் பழைய காகிதத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் அடிக்கடி வருகிறது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தங்கை ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்கவே இல்லை. பழைய இந்திய பாஸ்போர்ட் அலமாரியில் இருக்கிறது, அதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து அந்தப் பழைய பாஸ்போர்ட் செல்லாது. முதலில் அதை ஒப்படைத்து ஓ.சி.ஐ. வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுப் பேச்சு.

## உறவு என்று சட்டம் யாரைச் சொல்கிறது?

ஆள் இரண்டாவது வகை, ஓ.சி.ஐ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி: விற்கிறீர்களா, எழுதி வைக்கிறீர்களா?

விற்பதென்றால் உறவு முக்கியமில்லை. நண்பருக்கும் விற்கலாம், முன்பின் தெரியாதவருக்கும் விற்கலாம். பணம் மட்டும் வங்கி வழியாக வர வேண்டும்: வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம், அல்லது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர்., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து. டாலர் நோட்டாகக் கையில் கொடுப்பது, டிராவலர்ஸ் செக் கொடுப்பது இரண்டும் விதியிலேயே தடுக்கப்பட்டவை.

பணம் வாங்காமல் எழுதி வைப்பதென்றால் உறவு வேண்டும். இங்கேதான் நம் ஊர் உறவுமுறையும் சட்டத்தின் உறவுமுறையும் பிரிகின்றன. ஒரே ஃபிளாட்டுக்கு மூன்று சட்டங்கள் மூன்று விதமாக உறவை எண்ணுகின்றன.

1. ஃபெமா. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் உள்ள பட்டியலை எடுத்துக்கொள்கிறது. கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள், இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள். அவ்வளவுதான். தாய்மாமா இல்லை, சித்தப்பா இல்லை, அத்தை இல்லை, அவர்கள் பிள்ளைகளும் இல்லை. மாமன், மச்சான் உறவில் பாதி இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

2. வருமான வரிச் சட்டம். இந்தப் பட்டியல் அகலம். பெற்றோரின் உடன்பிறந்தவர்களும், கணவன் மனைவியின் உடன்பிறந்தவர்களும் உள்ளே வருகிறார்கள். தாய்மாமா மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே மருமகன் தாய்மாமாவுக்குக் கொடுத்தால் விலக்கு கிடையாது. வாங்குபவரின் பக்கமிருந்து உறவைப் பார்க்கிறார்கள். 'சகோதரியின் மகன்' அந்தப் பட்டியலில் இல்லை.

3. தமிழ்நாடு முத்திரைத்தீர்வை. குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குத் தனிச் சலுகை. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று குறுகிய வட்டம் அது.

சேர்த்துப் பாருங்கள். காது குத்துக்கு மடியில் உட்கார வைத்த தாய்மாமா, அமெரிக்கக் குடிமகளான அக்கா மகளுக்குச் சென்னை ஃபிளாட்டை எழுதி வைக்க விரும்புகிறார். வருமான வரி தடுக்கவில்லை. ஃபெமா தடுக்கிறது. அவர் விற்கலாம், தானமாகக் கொடுக்க முடியாது. நண்பர் விஷயமும் இதேதான்: ஓ.சி.ஐ. உள்ள நண்பருக்கு விற்பனை உண்டு, தானம் இல்லை.

கடன் பாக்கி உள்ள வீட்டைத் தானமாக எழுதுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீடு, தானம் பெறுபவர் பேருக்குப் போய்விடும்; கடன், எழுதிக் கொடுத்தவர் பேரிலேயே நிற்கும். வங்கி எழுத்தில் சம்மதிக்காமல் இதைச் செய்வது கடன் ஒப்பந்தத்தை மீறுவது. வங்கி பாக்கி முழுவதையும் ஒரே தவணையில் கேட்கலாம். 'தானம்' என்று எழுதிவிட்டு, பாக்கிக் கடனை வாங்குபவர் கட்ட வேண்டும் என்று பக்கத்தில் பேசிக்கொண்டால், அது விலை கொடுத்து வாங்கியதாகப் பார்க்கப்படும் வாய்ப்பும் உண்டு. அப்பா மகளுக்கு எழுதுவதானாலும் கடனை அடைத்துவிட்டு எழுதுவது நல்லது.

## வங்கி வாசலில் நடப்பது

எல்லா வாசலும் திறந்திருந்தால், நண்பருக்கோ தங்கைக்கோ விற்கும் வேலை இந்த வரிசையில் நகரும்.

1. விற்பவரின் வங்கியிடம் இரண்டு காகிதம் வாங்க வேண்டும். இன்றைய தேதிக்கு மொத்த பாக்கி எவ்வளவு என்ற கடிதம் ஒன்று. அவர்களிடம் உள்ள மூலப் பத்திரங்களின் பட்டியல் ஒன்று. வில்லங்கச் சான்றிதழில் பழைய எம்.ஓ.டி. பதிவு தெரியும், அதனால் மறைக்க எதுவும் இல்லை.

2. கிரய உடன்படிக்கை. தமிழ்நாட்டில் 2012 முதல் இதைப் பதிவு செய்வது கட்டாயம். வெள்ளைத்தாளில் எழுதி வைத்தால் பிறகு வம்பு.

3. வாங்குபவருக்குப் புதுக் கடன். என்.ஆர்.ஐ., ஓ.சி.ஐ. இருவருக்கும் வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் ரூபாயில் கடன் தரலாம். கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்ச வரம்பு. வெளிநாட்டுச் சம்பளச் சீட்டு, அந்நாட்டுக் கடன் வரலாறு, இங்கே ஒரு உள்ளூர் தொடர்பாளர் என்று வங்கி கேட்கும் காகிதம் நீளும். வெறும் வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு சென்னையில் வேலை பார்க்கும் மூன்றாவது வகையினருக்கு வீடு வாங்க உரிமை இருந்தாலும், கடன் கொடுக்க வங்கிகள் தயங்குவது வழக்கம். அவர்கள் விசா முடிந்து போய்விடலாம் என்ற பயம்தான்.

4. புது வங்கியின் பணத்தில் பாக்கித் தொகை நேராகப் பழைய வங்கியின் கடன் கணக்குக்குப் போகும். மீதி விற்பவருக்கு. மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. 2012இலிருந்தே வங்கிகளுக்கு அந்தத் தடை இருக்கிறது.

5. பழைய வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்து, எம்.ஓ.டி.யை நீக்க ரசீது ஆவணம் பதிவு செய்து தர வேண்டும். கடன் அடைந்த 30 நாளுக்குள் பத்திரம் திரும்பாவிட்டால், வங்கியின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 1.12.2023 முதல் நடப்பில் உள்ள விதி இது. கேட்டால்தான் நினைவுக்கு வரும் என்பதால் கேட்பது நல்லது.

6. கிரயப் பத்திரம் பதிவு, புது வங்கிக்குப் புது எம்.ஓ.டி., அப்புறம் பட்டா, சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம்.

இரண்டு கடனும் ஒரே வங்கியில் என்றால் நான்கும் ஐந்தும் ஒரே மேஜையில் முடியும். அலைச்சலைக் குறைக்க அது ஒன்றே வழி.

புதுக் கடனின் தவணையை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்திலோ, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ, அந்த வீட்டு வாடகையிலிருந்தோ கட்டலாம். இந்தியாவில் உள்ள உறவினர் தம் வங்கிக் கணக்கிலிருந்து அந்தக் கடன் கணக்குக்கு நேராகச் செலுத்தவும் ரிசர்வ் வங்கி விதி இடம் தந்திருக்கிறது.

## எவ்வளவு செலவாகும்?

விற்பனை என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து இறங்கியது. 60 லட்சத்துக்குக் கிரயம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு. அதே வீட்டை மகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பலர் விற்பனையைத் தானமாக வேஷம் போட வைக்கிறார்கள்.

விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தாலும் இந்தப் பொறுப்பு அவருடையது. விற்பவரே வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு.

விற்பவருக்கு மூலதன ஆதாய வரி. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதம். 23.7.2024க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவர் விலைவாசிக் குறியீட்டைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். இங்கே ஒரு பொதுவான தவறான கணக்கு: விலை 80 லட்சம், அதில் 35 லட்சம் வங்கிக்குப் போய்விட்டது, எனக்கு வந்தது 45 லட்சம்தானே, அதிலிருந்துதானே ஆதாயம் என்று நினைப்பது. நீங்களே வைத்த அடமானத்தை அடைத்த பணம் விலையிலிருந்து கழியாது. 80 லட்சமும் உங்கள் விற்பனை விலைதான்.

நட்புக்காக விலையைக் குறைத்தால்? வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், விற்பவருக்கு வழிகாட்டி மதிப்பே விலையாக எடுத்துக்கொள்ளப்படும். வாங்குபவருக்கு அந்த வித்தியாசம் வருமானமாகச் சேரும். ஒரே சலுகைக்கு இரண்டு பக்கமும் வரி.

## குறுக்கு வழிகள் எங்கே கொண்டுபோய் விடும்

மேலே சொன்னதெல்லாம் நீளம் என்று தோன்றும்போது மூன்று யோசனைகள் யாராவது ஒருவர் வாயிலிருந்து வரும்.

முதலாவது: "பேர் எதையும் மாற்ற வேண்டாம். உன் பேரிலேயே வைத்திரு, நான் மாசா மாசம் அனுப்புகிறேன்." நம்பிக்கை உள்ளவரை ஓடும். நண்பருக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. ஒரு மாதம் பணம் வராவிட்டால் தவணை தவறியது உங்கள் சிபிலில் ஏறும். 90 நாள் தாண்டினால் வாராக் கடன். பிறகு, அடமான வீட்டை வங்கி எடுத்து விற்க இடம் தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 60 நாள் நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும். உறவில்லாத ஒருவர் வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா அனுப்பினால் அது உங்கள் வருமானமாகவும் வரிக்கு உட்படும். முழு விலையையும் அவர் கொடுத்து, பெயர் மட்டும் உங்களுடையது என்ற நிலை வந்தால் பினாமிச் சட்டம் எட்டிப் பார்க்கும். 2016 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்று முதல் ஏழு வருடம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம்.

இரண்டாவது: பொது அதிகாரப் பத்திரம். "பவர் எழுதிக் கொடு, அது போதும்." பவர் என்பது உங்கள் சார்பில் வேலை செய்யும் அனுமதி. அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அவரோடு முடிந்தது.

மூன்றாவது: ஃபெமாவைக் கண்டுகொள்ளாமல் பதிவு செய்துவிடுவது. பதிவு ஆகிவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் பெங்களூரு வழக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட ஒரு பெண் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் தன் சொத்தின் ஒரு பகுதியைத் தானமாக எழுதினார். அப்போது இருந்தது 1973ஆம் ஆண்டின் பழைய ஃபெரா சட்டம். பல பத்தாண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பரிமாற்றம் செல்லாது என்றது. இப்போதைய ஃபெமாவில், மீறலில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

வாரிசுரிமை மட்டும் இந்தத் தடைகளுக்கு நடுவே தனிப்பாதை. இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை வெளிநாட்டில் வசிப்பவர் வைத்துக்கொள்ள ஃபெமாவின் 6(5) பிரிவு இடம் தருகிறது. ஆனால் கடனோடு வரும் வீடு கடனோடுதான் வரும். கடன் வாங்கியவர் காப்பீடு எடுத்திருந்தாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

## வீடு அமெரிக்காவில், கேட்பவர் நீங்கள் என்றால்

கதை தலைகீழாகவும் வரும். டல்லாஸில் இருக்கும் அண்ணன் ஊர் திரும்புகிறார். அங்கே இருக்கும் வீட்டுக் கடனை ஹெச்-1பி விசாவில் இருக்கும் உங்கள் மகன் எடுத்துக்கொள்ளலாமா என்கிறார். அங்கேயும் பெரும்பாலான சாதாரணக் கடன்களில், வீடு கைமாறினால் முழுப் பாக்கியையும் உடனே கேட்கலாம் என்ற ஷரத்து இருக்கும். 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மைன் சட்டம் கணவன் மனைவி, பிள்ளைகளுக்கு மாற்றுவது போன்ற சில சூழல்களில் அந்த ஷரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பெரியப்பா தம்பி மகனுக்கு உயிரோடு இருக்கும்போதே மாற்றுவது அதில் வராது. அரசுக் காப்புறுதி உள்ள எஃப்.ஹெச்.ஏ., வி.ஏ. கடன்களை, கடன் கொடுத்தவர் ஒப்புதலோடு இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியும் என்ற வசதி அங்கே உண்டு. நம் ஊரில் இல்லாதது அது. ஆனால் 25.5.2025 முதல் நிரந்தரக் குடியிருப்பு இல்லாதவர்களுக்குப் புதிய எஃப்.ஹெச்.ஏ. கடன் கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். ஹெச்-1பி அதில் அடங்கும்.

சென்னையிலிருந்து பணம் அனுப்பி உதவுவதானால், தாராளமாக்கப்பட்ட பணமனுப்புத் திட்டத்தின்படி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்.

## ஆள் வர முடியாவிட்டால்

சென்னை ஃபிளாட்டுக்கே திரும்புவோம். வாங்கும் தங்கை பதிவு நாளுக்கு வர முடியாது என்றால் இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் என்று எழுதிய சிறப்பு அதிகாரப் பத்திரம் போதும். அங்கே நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். பவர் யார் பேரில் இருக்கிறதோ அவருடைய பெயர் எழுத்து ஆதாரிலும் பத்திரத்திலும் ஒன்றாக இருக்கிறதா, தங்கையின் பெயர் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓ.சி.ஐ. அட்டையில் வேறு மாதிரி இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கமும் குடும்பப் பெயர் கேட்கும் அவர்கள் படிவமும் சேர்ந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஒரு நாளை ஒரு வாரமாக்கிவிடும்.